இடுக்கி மலையேறிய விவசாயக் குடும்பங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

1940, 50களில் கேரளத்துக் கீழ்நாட்டு ஊர்களான பாலா, மூவாற்றுப்புழை பக்கமிருந்து இடுக்கிக் காட்டுக்குள் குடியேறியவர்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஊரில் இருந்ததை விட்டுவிட்டு யானைக் காட்டுக்கு ஏன் போனார்கள்? (மதுரை வாசகர்)

பசிதான். அந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானம் பர்மா அரிசியை நம்பி இருந்த நாடு. 1942ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அரிசிக் கப்பல் நின்றுவிட்டது. அரசாங்கமே உணவுப் பயிர் போடச் சொல்லி, காட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டது. கீழ்நாட்டில் இருந்த துண்டு நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தால் என்ன மிஞ்சும்? அதை விற்ற காசுக்கு மலையில் பல மடங்கு நிலம் கிடைத்தது. பெரியாற்றைக் கடக்க நேரியமங்கலம் பாலம் 1935லேயே வந்துவிட்டது. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் அப்புறம் தலைச்சுமையும் நடையும்தான்.

முதல் வருஷம் என்ன சாப்பிட்டிருப்பார்கள்? (திருப்பூரிலிருந்து ஒரு அக்கா)

அக்கா, ஒரே வார்த்தையில் சொன்னால் கப்பை. நம் மரவள்ளிக் கிழங்குதான். கோடையில் காட்டை வெட்டிக் காயவிட்டு, மழைக்கு முன்னால் தீ வைப்பார்கள். சாம்பல் மண்ணைக் கூட்டிக் குவித்து, குவியலுக்கு ஒரு குச்சி நடுவார்கள். கிழங்கு விழ எட்டு, பத்து மாதம் ஆகும். அதுவரை கீழேயிருந்து சுமந்து வந்ததும் காட்டுக் கிழங்கும்தான்.

வெட்டியெடுத்த கிழங்கு சில நாளில் கெட்டுவிடும். மழைக்காலத்துக்கு எப்படி வைப்பது? தோல் சீவி, துண்டு போட்டு, அரைவேக்காடாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். கிழங்கில் இருக்கும் நச்சுக் கசப்பும் அதோடு போகும். பிறகு பாறைமேல் பரப்பி, கல் மாதிரி ஆகும்வரை வெயிலில் காயவைப்பார்கள். ஆடி மழையில் வெளியே தலைகாட்ட முடியாத நாளில், இராத்திரி ஊறப்போட்டு மறுநாள் வேகவைத்தால் சாப்பாடு ஆயிற்று. தொட்டுக்கொள்ள காந்தாரி மிளகாயும் உப்பும். உரித்து, அவித்து, காயவைத்ததில் பெரும்பாதி பெண்கள் உழைப்பு. குடியேற்றக் கதைகளில் கோடரி பிடித்த அப்பச்சன்தான் (குடும்பத்துப் பெரியவர்) வருவார், அடுப்படி வராது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

யானை வந்தால் என்ன செய்தார்கள்?

பெரிய மரத்தில் மூங்கிலால் ஏறுமாடம் கட்டி, குடும்பமே மேலே படுத்தது. தகரம் தட்டுவது, தீ மூட்டுவது, கூவுவது, இவ்வளவுதான் ஆயுதம். ஆனால் யானையை விடப் பன்றிதான் பெரிய தலைவலி. ஒரு கூட்டம் ஒரு ராத்திரி கப்பைத் தோட்டத்தில் புகுந்தால் வருஷத்துச் சாப்பாடே போச்சு.

அண்ணே, காசுக்கு என்ன வழி? மிளகு உடனே காய்க்காதே? (கம்பம் தம்பி)

சரியான கேள்வி, தம்பி. முருக்கு மரத்தில் கொடி ஏற்றி, மிளகு பறிக்க மூணு வருஷமாவது ஆகும். ஏலமும் அப்படித்தான். இடையில் கைகொடுத்தது புல்தைலம். எலுமிச்சைப்புல்லை அறுத்துப் பெரிய பாத்திரத்தில் திணித்துக் கொதிக்கவிட்டு, ஆவியை ஓடைத் தண்ணீரில் குளிரவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கு அரிசி கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத்தான் மேலே ஏறியது. ஏலம் போடிக்கு இறங்கியது, இன்றும் இறங்குகிறது.

மலைக்காய்ச்சலுக்கு (மலேரியா) வைத்தியம்?

கொய்னா மாத்திரை, கிடைத்தால். 1953ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி டிடிடி கொசு மருந்து தெளித்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது.

தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போனதற்கு இவர்கள்தானே காரணம்?

பாதி உண்மை. திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை ஆட்சியில், 1954-55ல் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் கொடுத்துக் குடியேற்றினார்கள். கல்லாறில் உள்ள பட்டம் காலனி அந்தப் பெயரில்தான் இருக்கிறது. தமிழர் பெரும்பான்மையைக் குறைக்கும் கணக்கு அதில் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன்பே, பசியால் தானாக ஏறி வந்த குடும்பங்கள் ஏராளம். அவர்கள் தலையில் 1956 எல்லைப் பிரிவினையைக் கட்டுவது நியாயமில்லை.

பட்டா சுலபமாகக் கிடைத்ததா?

எங்கே? 'வா, பயிர் செய்' என்ற அரசே பின்னால் 'எழுந்திரு' என்றது. இடுக்கி அணைத் திட்டத்துக்காக 1961ல் அய்யப்பன்கோவில் குடும்பங்களை வெளியேற்றி, குமுளிக்குப் பக்கத்தில் அமராவதியில் மழையில் கொண்டுவந்து விட்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 1.1.1977க்கு முன் குடியேறியவர்களின் வனநில அனுபோகத்தை முறைப்படுத்தும் விதிகள் வந்ததே 1993ல். காட்டை வெட்டியவரின் பேரனுக்குத்தான் பல வீடுகளில் காகிதம் கைக்கு வந்தது.

அது யாருமே இல்லாத காடா?

இல்லை. மன்னான், முதுவான், பளியர் என்ற பழங்குடிகள் எல்லாம் அங்கே இருந்தவர்கள். மன்னான்களும் முதுவான்களும் மதுரையிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள். ஒரு சரிவில் பயிர் செய்து, சில வருஷம் தரிசு விட்டு, அடுத்த சரிவுக்குப் போவது அவர்கள் முறை. அந்தத் தரிசுதான் வந்தவர்கள் கண்ணுக்கும் அரசாங்கக் கணக்குக்கும் காலிக் காடாகத் தெரிந்தது. கட்டப்பனை அருகே கோவில்மலையில் மன்னான்களுக்கு இன்றும் அரசர் இருக்கிறார். குடியேற்ற வரலாறு கேட்கப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய்க் கேளுங்கள்.