ஆல்ஃபியின் ‘அது’

அன்புள்ள ஐயா,

ஜூட் லா நடித்த ‘ஆல்ஃபி’யை (2004) கல்லூரி நாட்களில் ரசித்துப் பார்த்தவன் நான். அதன் மூலப்படத்தை, மைக்கேல் கெய்ன் நடித்த 1966 படத்தை, போன வாரம்தான் பார்த்தேன். அருவருப்பாக இருந்தது. பெண்களைச் சந்தையில் மாடு பார்ப்பதுபோலப் பார்க்கிறான், ஒருத்தியை அறைகிறான். புதிய ஆல்ஃபியும் பெண்பித்தன்தான், ஆனால் கொஞ்சம் ஈரம் உள்ளவன். விமர்சகர்களோ பழையதைக் கொண்டாடிவிட்டுப் புதியதை மேலோட்டமானது என்று தள்ளிவிட்டார்கள். பழசென்றால் உசத்தி என்ற நினைப்புதானே இது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்சம் அந்த நினைப்பும்தான். ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற படத்தை மறுபடி எடுத்தால் நாலு அடி விழாமல் இருக்காது. எல்லாரும் அடிக்கவும் இல்லை, அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் கனிவாகவே எழுதினார். ஜூட் லா அந்த ஒரே ஆண்டில் ஆறு படங்களில் வந்தார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் இவர்தானா என்று நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக் ஆஸ்கர் மேடையிலேயே கிண்டலடித்தார். அந்தச் சலிப்பும் சேர்ந்திருக்கும்.

ஆனால் உங்களுக்கு வந்த அருவருப்பு இருக்கிறதே, அதை வரவழைக்கத்தான் அந்தப் பழைய படத்தையே எடுத்தார்கள்.

கெய்ன் கேமராவைப் பார்த்து நம்மிடம் பெண்களைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் ‘இட்’ (அது) என்கிறார், கவனித்தீர்களா? தமிழில் வசனவரி போடுகிறவர் பாடு திண்டாட்டம்தான். எங்கள் பக்கத்தில் வயசானவர்கள் பெண்டாட்டியை ‘அது’ என்றுதான் சொல்வார்கள், ‘அது சாப்பிட்டுச்சா?’ என்று. அதில் பிரியம் இருக்கும். ஆல்ஃபியின் ‘அது’ வேறு. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன், வண்டியின் கண்டிஷனைச் சொல்கிற குரலிலேயே பெண்ணையும் சொல்கிறான்.

இப்படியே சிரிக்க வைத்துக்கொண்டு வந்து, ஓர் இடத்தில் படம் நம் சட்டையைப் பிடிக்கிறது. சானட்டோரியத்தில் ஆல்ஃபிக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவனின் மனைவி லில்லி. ஆல்ஃபியால் கர்ப்பமாகிறாள். பிரிட்டனில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்தது 1967இல், அதுவரை எல்லாம் திருட்டுத்தனம்தான். ஆல்ஃபியின் குடியிருப்புக்கே கருக்கலைக்கிற ஆள் வந்து, காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறான். வலியில் கத்துகிறவளை ஆல்ஃபி அறைகிறான். வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பிவந்து உள்ளே பார்க்கிறான். அவன் பார்த்தது நமக்குக் காட்டப்படுவதில்லை. கெய்னின் முகம் மட்டும்தான். படம் முழுக்க வாய் ஓயாத ஆள் அங்கே அழுகிறான், அப்புறம் ஒரு நண்பனிடம்தான் அதைச் சொல்கிறான்.

2004இன் மன்ஹாட்டனில் இந்தக் காட்சிக்கு இடமே இல்லை. கிளினிக் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அதனால் ஆல்ஃபியால் கர்ப்பமான, நண்பனின் காதலி லொனெட் அங்கே போகிறாள், ஆனால் கருவைக் கலைக்காமலே திரும்பியிருக்கிறாள். அது ஆல்ஃபிக்குத் தெரியவரும் இடத்தில் ஜூட் லா நன்றாகவே நடித்திருக்கிறார், அதைச் சொல்லியாக வேண்டும். என்றாலும் அது ஒரு வருத்தம், அவ்வளவுதான். நல்ல கோட்டு, வெஸ்பா, அழகான முகம், அதன்மேல் ஒரு வருத்தம். பாவம் பையன் என்று நாம் உச்சுக்கொட்ட வேண்டும் என்று படம் ஆசைப்படுகிறது. ‘மேலோட்டம்’ என்று எழுதியவர்களை உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த ‘ஈரம்’தான்.

வசூலும் கைகொடுக்கவில்லை. சுமார் 6 கோடி டாலர் செலவழித்து, உலகம் முழுக்கச் சேர்த்து 3.5 கோடிதான் திரும்ப வந்தது. அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் வெளியான படம். புஷ் மறுபடி ஜெயித்த வாரம் அது. நாட்டின் மனநிலைதான் காரணம் என்றுகூட விநியோகத் தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

உங்கள் கல்லூரி நாள் ரசனையைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் புதிய படத்துக்கு ராக் இசைக்காரர்கள் மிக் ஜாகரும் டேவ் ஸ்டூவர்ட்டும் சேர்ந்து போட்ட பாட்டுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. இதை எழுதும்போதும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.