ரூட்டர் புதுசு, வீட்டு போன் அதேதான்: வாசகர் கேள்விகள்

ரூட்டரை மாற்றுவது பற்றிக் கேட்டு எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: நெட் வந்துவிடும், வீட்டு போன் என்ன ஆகும்? கவலைப்பட வேண்டிய விஷயம்தான். புது ரூட்டரில் நெட் வரவைப்பது அரை மணி நேர வேலை. போன் அப்படியல்ல.

நிறுவனம் கொடுத்த ரூட்டரின் வைஃபை பின்னறைக்கு எட்டவில்லை. நானே நல்லதாக ஒன்று வாங்கி மாற்றலாமா? லேண்ட்லைனும் இருக்கிறது, அப்பா அதில்தான் பேசுவார்.

மாற்றலாம். ஆனால் கடைக்குப் போகும் முன் போனின் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே போய், அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். சுவரிலுள்ள பழைய சாக்கெட்டிலோ, அங்கிருந்து நெட்டையும் போனையும் பிரிக்கும் சின்ன ஸ்ப்ளிட்டரிலோ முடிந்தால் பெரும்பாலும் கவலையே இல்லை. செம்புக் கம்பி வழியே எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக வரும் போன் அது. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் முடிந்து, ரூட்டர் தனியாக இருந்தாலும் பெரும்பாலும் பயமில்லை. ரூட்டரின் பின்னால் முடிந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் ரூட்டரை மட்டும் அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வையுங்கள். (கார்ட்லெஸ் போன் என்றால் அதன் பேஸுக்குக் கரண்ட் இருக்கட்டும்.) டயல் டோன் கேட்டால் போன் வேறு வழியில் வருகிறது. ஒன்றுமே கேட்காவிட்டால் உங்கள் போன் அந்த ரூட்டருக்குள்தான் குடியிருக்கிறது.

குடியிருக்கிறது என்று சொல்லக் காரணம் உண்டு. அந்தப் பெட்டிக்குள் குரலை டேட்டாவாக மாற்றும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதோடு உங்கள் எண்ணுக்கான யூசர் நேமும் பாஸ்வேர்டும் உள்ளே பதிந்திருக்கும். நிறுவனம் இவற்றைத் தொலைவிலிருந்தே ஏற்றிவிடுவதால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தேடினால் கிடைக்காது. கடையில் வாங்கும் ரூட்டரில் பெரும்பாலும் போன் துளையே இருக்காது. இருந்தாலும் அந்தப் பாஸ்வேர்டு இருக்காது.

என் அத்தை வீட்டில் இதைச் சோதிக்காமல் விட்டவன் நான். புது ரூட்டர் வைத்தேன், நெட் பறந்தது, திருப்தியாகக் கிளம்பிவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் அத்தையின் போன் செத்துக் கிடந்தது தெரிந்தது. யாருமே கூப்பிடவில்லை என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். பரணிலிருந்து பழைய பெட்டியை எடுத்து மாட்டினேன். போன் விளக்கு சில நிமிடம் மினுக்கி, பச்சையாக நின்றது. அப்புறம்தான் டோன் வந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டில் ரூட்டரைத் தொட்டாலும் முதலில் ரிசீவரைத்தான் எடுக்கிறேன்.

போன் பாஸ்வேர்டைத் தர முடியாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. வேறு வழி?

பழைய ரூட்டரை எடுக்காதீர்கள். அது போனையும் இணைப்பையும் பார்த்துக்கொள்ளட்டும், வைஃபையை மட்டும் புதியது பார்த்துக்கொள்ளட்டும். பழையதில் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் லேன் துளையிலிருந்து ஒரு ஈதர்நெட் கேபிளைப் புதியதற்கு இழுத்து, புதியதை அக்சஸ் பாயின்ட் மோடில் (வைஃபையை மட்டும் பரப்பும் நிலையில்) வையுங்கள். போன் கம்பியைத் தொடவே வேண்டாம். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான வழி என்பேன். கேபிள் நீளமாக இருந்தால் புதியதைப் பின்னறைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். ஒரே இடத்தில் இரண்டையும் அடுக்கி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அக்சஸ் பாயின்ட் மோடில் போடாமல் அப்படியே மாட்டினாலும் நெட் வரும். ஆனால் இரண்டு ரூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைய (ஐபி) முகவரியை மாற்றும். வெளியிலிருந்து வீட்டு கேமராவைப் பார்ப்பது, சில விளையாட்டுகள் ஆகியவை தகராறு செய்யும். இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் இருந்தால் இன்னும் குழப்பம்.

பிரிட்ஜ் மோடு என்றும் ஒன்று உண்டு. பழையது வெறும் மோடமாகிவிடும், புதியதே எல்லாவற்றையும் நடத்தும். சில மாடல்களில் அப்போதும் போன் தனிப் பாதையில் ஓடிக்கொண்டிருக்கும், சிலவற்றில் நின்றுவிடும். போட்டுப் பார்த்து, போன் விளக்கு அணைந்தால் பழையபடி மாற்றிவிடுங்கள். மாற்றும் முன் ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பழைய பெட்டியை ரீசெட் செய்யாதீர்கள்.

விவரங்களை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி என்ன வாங்க வேண்டும்?

அதிர்ஷ்டசாலி நீங்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், இணைப்புக்குத் தேவையான விவரங்களை வாடிக்கையாளர் கேட்காமலேயே இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி வந்தால் நன்றாயிருக்கும்.

போன் துளை உள்ள ரூட்டராக வாங்கலாம், அல்லது விருப்பமான ரூட்டரோடு ஏடிஏ என்ற சின்ன அடாப்டர் ஒன்றை வாங்கலாம். நான் ஏடிஏ பக்கம். நாளைக்கு ரூட்டரை மறுபடி மாற்றினாலும் போன் அசையாது. ஒரு பக்கம் ஈதர்நெட், மறுபக்கம் போன். சர்வர் பெயர், யூசர் நேம், பாஸ்வேர்டு, போர்ட் (வழக்கமாக 5060) இவற்றைப் பதிந்தால் போதும். ஆனால் குரலுக்கென்று தனி விலான் (VLAN, ஒரே கம்பிக்குள் எண் கொடுத்துப் பிரித்த தனிப் பாதை) வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த விலான் எண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் ஏடிஏ பதிவே ஆகாது.

ஏடிஏ மாட்டிவிட்டேன். நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் வரும் அழைப்புகளும் மணியடிப்பதில்லை.

இரண்டும் ரூட்டரின் வேலைதான். அழைப்பை ஏற்படுத்துவது ஒரு பாதை, குரல் வருவது வேறு பாதை. இணைய போனில் அழைப்பை ஏற்படுத்தும் முறைக்கு சிப் (SIP) என்று பெயர். ரூட்டரில் சிப் ஏஎல்ஜி (SIP ALG) என்று ஒரு வசதி இருக்கும். உதவுகிறேன் என்று அழைப்புத் தகவலில் உள்ள முகவரிகளைத் திருத்தும், பல நேரம் தப்பாகத் திருத்திவிடும். அதை அணையுங்கள். ஒருபக்கக் குரல் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

மணியடிக்காததற்குக் காரணம், பேச்சுமூச்சில்லாத இணைப்பை ரூட்டர் சிறிது நேரத்தில் மறந்துவிடுவது. நிறுவனத்தின் சர்வர் கதவைத் தட்டும்போது கதவு மூடியிருக்கும். ஏடிஏ செட்டிங்கில் கீப் அலைவ் (இணைப்பு மறந்துபோகாமல் அடிக்கடி அனுப்பும் சிறு தகவல்) என்பதை 20 அல்லது 30 விநாடி என்று வையுங்கள். அவசரப்பட்டு 5060 போர்ட்டை ரூட்டரில் எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். திறந்திருக்கும் சிப் கருவிகளைத் தேடிப்பிடித்து, அடுத்தவர் செலவில் வெளிநாட்டுக்குப் பேசும் கூட்டம் இரவு பகலாக உலவுகிறது.

நெட் வேகம் போதவில்லையோ என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 100 கிலோபிட் கூட ஆகாது. வேகம் காரணமல்ல.

என் கார்ட்லெஸ் போனுக்குத் தனி பேஸ் இல்லை, ரூட்டரோடே இணைந்திருக்கிறது.

அந்த ரூட்டருக்குள்ளேயே டெக்ட் பேஸ் (கார்ட்லெஸ் போனோடு ரேடியோவில் பேசும் பகுதி) இருக்கிறது. அதை எடுத்தால் தனி பேஸ் வேண்டும். போனை அதனுடன் புதிதாக இணைத்துக்கொள்ளலாம். பேசுவது, கேட்பது நடக்கும், முகவரிப் பட்டியல் போன்றவை வராமல் போகலாம்.

கரண்ட் போனால் இந்த போன் வேலை செய்யுமா? அம்மா கழுத்தில் மாட்டியிருக்கும் அவசர பொத்தானும் இதே லைனில்தான்.

பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வரும். அதனால்தான் வீடு இருளில் கிடந்தாலும் சாதாரண போன் பேசியது. ஃபைபரில் மின்சாரம் வராது. ஓஎன்டி, ரூட்டர், ஏடிஏ, கார்ட்லெஸ் பேஸ் என்று வரிசையில் எது அணைந்தாலும் போன் அணையும். எல்லாவற்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள், ஒன்றைக்கூட விடாமல்.

பொத்தான் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சில கருவிகள் டோன் ஒலிகளால் தகவல் அனுப்பும், குரலை டேட்டாவாக மாற்றும்போது அவை சிதையலாம். ரூட்டரில் கை வைக்கும் முன்பே பொத்தான் அழைப்பை ஏற்கும் அந்தச் சேவையைக் கூப்பிட்டு, உங்கள் கருவி இணைய போனில் இயங்குமா என்று கேளுங்கள். மாற்றிய அன்றே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அம்மாவைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். மறுமுனையில் குரல் கேட்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். கேட்காவிட்டால் பழைய ரூட்டரை அன்றைக்கே திரும்ப மாட்டிவிடுங்கள்.