மரத்தோப்பு வேலைக்குச் சிறிய டிராக்டர்: கேள்வி பதில்

பெங்களூரில் வசித்தபடி கனகபுரா, மாலூர், சிக்கபள்ளாப்பூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் மரத்தோப்பு வளர்க்கும் தமிழ் அன்பர்கள் டிராக்டர் வாங்குவது பற்றிக் கேட்ட கேள்விகளைத் தொகுத்து, என் தோப்பில் கட்டை இழுத்தும் புதர் வெட்டியும் தெரிந்துகொண்டவற்றைக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். உழவு டிராக்டரைப் பற்றி இங்கே பேசவில்லை. மரங்களுக்கு நடுவே செய்யும் வேலையை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): மாலூர் அருகே ஐந்து ஏக்கர் பழைய தைல மரத் தோப்பு வாங்கியிருக்கிறோம். சிறிது சிறிதாக வெட்டியெடுத்துவிட்டு மலைவேம்பும் சில்வர் ஓக்கும் வைக்க எண்ணம். விற்பனையாளர் 45 எச்.பி.க்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: தங்கள் வேலைக்கு அவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை; இருந்தால் இடைஞ்சலே. 45 எச்.பி. டிராக்டர் ஏறத்தாழ இரண்டு டன் எடையும் ஐந்தரை அடியை ஒட்டிய அகலமும் கொண்டது. மூன்று மீட்டர் இடைவெளியில் மலைவேம்பு வைத்த தோப்பில் அந்த வண்டி திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு மரத்தின் பட்டை உரியும். உரிந்த காயத்தின் வழியே பூஞ்சை ஏறிவிட்டால், பிளைவுட்டுக்குப் போக வேண்டிய அடிமரம் விறகு விலைக்குப் போகும். 20 முதல் 28 எச்.பி. வரை, நான்கடியை ஒட்டிய அகலத்தில், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே தங்களுக்குப் பொருத்தம். மஹிந்திராவின் ஜீவோ 245, ஓஜா வரிசையின் சிறிய வண்டிகள், குபோட்டாவின் நியோஸ்டார், ஜான் டீரின் 3028 இ.என்., பெங்களூரையே தலைமையிடமாகக் கொண்ட வி.எஸ்.டி.யின் சிறு டிராக்டர்கள் ஆகியவற்றை நேரில் பார்த்து, தோப்பில் ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

எச்.பி.யைவிடக் கட்டையின் எடையைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 30 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள துண்டு 0.21 கன மீட்டர் வரும். பச்சைத் தைலம் கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் என்பதால், அந்தத் துண்டு 200 கிலோவைத் தாண்டும். ஒரு நேரத்தில் இத்தகைய துண்டுகள் இரண்டை இழுத்துவர 24 எச்.பி. வண்டி போதும். அதற்கு மேல் இழுக்க முயன்றால் எஞ்சினில் வலு மிச்சமிருக்கும்போதே டயர் வழுக்கத் தொடங்கும். தோப்பில் இழுவையின் எல்லையை வைப்பது வண்டியின் எடையும் மண்ணின் பிடியுமே.

தைல மரத்தின் தூரைப் பிடுங்க மட்டும் இந்த வண்டியை நம்ப வேண்டாம். கர்நாடக அரசு 2017இல் புதிதாகத் தைலம் நடுவதற்குத் தடை விதித்த பிறகு பலரும் தங்கள் வழியில்தான் நிலத்தை மாற்றிவருகிறார்கள். அந்தத் தூர்களை ஜே.சி.பி.யை வாடகைக்கு அழைத்து ஒரே மூச்சில் எடுத்துவிடுவதே வண்டிக்கும் உயிருக்கும் பாதுகாப்பு.

கேள்வி (அல்சூர்): தோப்பு முழுக்கச் சமதரை. அப்படியிருக்க நான்கு சக்கர இழுவைக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா?

பதில்: கொடுக்க வேண்டும் என்றே சொல்வேன். ஐப்பசி மழையில் சருகு ஊறிக் கிடக்கும் செம்மண்ணில், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சிறு வண்டி கட்டையோடு நின்ற இடத்திலேயே சுழன்று பள்ளம் பறிக்கும்; அந்தப் பள்ளத்தில் அறுபடுவது மரத்தின் மேல்வேர்கள். சரிவில் இறங்கும்போது வேறொரு பயனும் உண்டு. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே இருப்பதால், நான்கு சக்கர இணைப்பைப் போட்டு வைத்தால்தான் முன்சக்கரங்களும் சேர்ந்து வண்டியைப் பிடித்து நிறுத்தும். இடது வலது பிரேக் மிதிகளைத் தாழ்ப்பாள் போட்டு ஒன்றாக இணைத்துக்கொண்டு, குறைந்த கியரில், சரிவுக்கு நேராக இறங்குங்கள், குறுக்கே ஓட்டாதீர்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் இணைப்பை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் டயரும் பற்சக்கரங்களும் வீணாகத் தேயும்.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): வெட்டிய மரத்தைச் சங்கிலியில் கட்டி இழுப்பதற்கு வண்டியில் எந்த இடத்தில் மாட்ட வேண்டும்? எங்கள் ஊர் ஓட்டுநர் உயரமாகக் கட்டினால் கட்டை மண்ணில் குத்தாது என்று கருவிகளின் மேல்முனையைப் பிடிக்கும் மேல் இணைப்பில் மாட்டுகிறார்.

பதில்: இந்தத் தொகுப்பில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துத் தங்கள் ஓட்டுநரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். மேல் இணைப்பிலோ, இருக்கைக்குப் பின்னால் வேறு எந்த உயரமான இடத்திலோ, பின் அச்சிலோ சங்கிலியைக் கட்டி இழுக்கவே கூடாது.

காரணம் இது. பின்சக்கரத்தைச் சுழற்ற எஞ்சின் கொடுக்கும் திருகுவிசை, சக்கரம் நகர முடியாமல் நிற்கும்போது, வண்டியின் உடலைப் பின் அச்சைச் சுற்றி எதிர்த்திசையில் மேலே தூக்கப் பார்க்கும். சங்கிலி அச்சுக்குக் கீழே, டிராபாரில் (வண்டியின் பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பியில்) இருந்தால், இழுவை கூடக்கூட அது அந்தத் தூக்கலை எதிர்த்து நிற்கும். அச்சுக்கு மேலே இருந்தால் அதே இழுவை தூக்கலோடு சேர்ந்துகொண்டு வண்டியை ஓட்டுநரின் மேல் மல்லாத்திவிடும். கட்டை ஏதாவதொரு தூரில் சிக்கி நின்ற நொடியில் முன்சக்கரம் எழும்பத் தொடங்கினால், ஒரு நொடி முடிவதற்குள் வண்டி திரும்ப இறங்க முடியாத நிலையைக் கடந்துவிடும். கிளட்ச்சை மிதிக்க வேண்டும் என்று மனிதனுக்குத் தோன்றுவதற்கே அவ்வளவு நேரம் பிடிக்கிறது. திறமையான ஓட்டுநர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள் என்பதால்தான் இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

கட்டையின் நுனி மண்ணில் குத்துவது உண்மையான தொல்லைதான். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. இரண்டு சக்கரமும் ஒரு வளைவும் கொண்ட, கட்டை தூக்கும் சிறு வண்டியை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். கட்டையின் முன்முனை அந்த வளைவில் தொங்கும், இழுவை மட்டும் டிராபாரில் விழும். அதைவிடச் சிறந்தது, மூன்றுமுனை இணைப்பில் (பின்னால் கருவி மாட்டும் இடத்தில்) மாட்டி, பி.டி.ஓ.வால் (எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டால்) இயங்கும் மர வின்ச். வண்டியைப் பாதையிலேயே நிறுத்தி, வின்ச்சின் அடித்தகட்டைத் தரையில் ஊன்றிக்கொண்டு, உள்ளே கிடக்கும் கட்டையைக் கம்பிவடத்தால் இழுத்து வரலாம். மரங்களுக்கு நடுவே சக்கரமே போகாததால் மண்ணும் இறுகாது, வேரும் மிதிபடாது. 24 எச்.பி. அளவிலான வண்டிக்கு மூன்று டன் இழுவை உள்ள வின்ச்சுக்கு மேல் வேண்டியதில்லை. கம்பிவடம் இறுகியிருக்கும்போது எவரும் அதைத் தாண்டக் கூடாது. கப்பி வைத்துத் திசை மாற்றி இழுத்தால் வடம் மடங்கும் கோணத்தின் உட்புறத்தில் நிற்கக் கூடாது. கப்பி கட்டிய மரத்தின் மேல் வடத்தின் இழுவையைப் போல இரு மடங்கு வரை விசை விழும் என்பதால் இளமரத்தில் கப்பி கட்டவும் கூடாது. இழை பிரிந்த வடத்தை முடிச்சுப் போட்டு ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (ஜெயநகர்): ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள இரும்பு வளைவு கிளைகளில் மாட்டுகிறது. கழற்றிவிடலாமா?

பதில்: கழற்ற வேண்டாம். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காப்பது அந்த வளைவும் இடுப்பு வாரும் சேர்ந்துதான். மடக்கும் வகை வளைவாக இருந்தால் தாழ்ந்த கிளை உள்ள இடத்தில் மட்டும் மடக்கி, கடந்ததும் நிமிர்த்திப் பூட்டுங்கள். வளைவு நிமிர்ந்திருக்கும்போது வாரைக் கட்டாயம் போட வேண்டும். மடங்கியிருக்கும்போது போடக் கூடாது, ஏனெனில் கவிழும் வண்டியோடு அது ஆளைக் கட்டிவைத்துவிடும். வெயிலுக்காக மாட்டும் ஃபைபர் கூரை, விழும் கிளையைத் தாங்கும் என்று நினைக்காதீர்கள். மரம் சாய்க்கும் நேரத்தில், சாயும் மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்துக்கு அப்பால் வண்டி நிற்கட்டும்.

கேள்வி (மாரத்தஹள்ளி): வண்டி வாங்கிய பிறகு தோப்பு வேலைக்காக அதில் என்னென்ன மாற்ற வேண்டும்?

பதில்: டிராக்டர்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதில் மிச்சமான தொகையை, ஸ்டீரியோ, அலங்கார பம்பர் என்று கரைக்காமல், வண்டியின் அடிவயிற்றைக் காப்பதற்குச் செலவிடுங்கள். வயலில் ஓட வடிவமைத்த வண்டியின் கீழ்ப்பகுதியில் டீசல் வடிகட்டி, ஹைட்ராலிக் குழாய், எண்ணெய் வடிகால் திருகு எல்லாம் திறந்தே இருக்கும்; வெட்டிய தூரின் கூர்முனை ஒன்று போதும், எண்ணெய் முழுவதும் மண்ணில் கொட்டிவிடும். 5 அல்லது 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை அடியில் போல்ட் போட்டு மாட்டுங்கள். கழற்றிச் சுத்தம் செய்ய முடியாதபடி வெல்டிங் வைத்துவிடாதீர்கள், ஏனென்றால் தகட்டின் மேல் சேரும் காய்ந்த சருகு எஞ்சின் சூட்டில் தீப்பிடிக்கக்கூடியது. ரேடியேட்டருக்கு முன்னால் வலுவான கம்பித்தட்டி, அதன் பின்னால் நுண்ணிய வலை, முன்விளக்குகளுக்குக் கம்பிக்கூடு, டயர் வால்வுகளுக்கு மூடி ஆகியவையும் வேண்டும். மேல்நோக்கிய சைலன்சர் கிளையில் சிக்கும். ஆனால் அதைக் கீழே திருப்பினால் மாசி, பங்குனி வறட்சியில் சருகுக்கு நெருப்பு வைக்கும் அபாயம் உண்டு. எனவே மேலேயே விட்டு, அதற்கொரு காப்புக் கம்பியும் தீப்பொறித் தடுப்பும் மாட்டுவதே என் விருப்பம். சிறிய தீயணைப்பான் ஒன்றைக் கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள்.

கேள்வி (ஃபிரேசர் டவுன்): டயருக்குள் தண்ணீர் நிரப்புவது நல்லதா?

பதில்: நல்லது, நம் பகுதியில் தண்ணீர் உறையாது என்பதால் வேறு எந்த உப்புக் கரைசலும் வேண்டாம். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து அதன் மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு வரை, பின்டயரில் நிரப்பினால் எடை கீழேயே கூடும். பிடியும் நிலைப்பும் மேம்படும். பின்னால் வின்ச்சோ கட்டையோ தொங்கும்போது முன்சக்கரம் இலேசாகித் திருப்புவதற்குக் கட்டுப்படாமல் போகும் என்பதால், முன்பக்கம் இரும்பு எடைகளையும் மாட்டுங்கள். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): தேன்கனிக்கோட்டைத் தோப்பில் உண்ணிச்செடி ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. ரோட்டாவேட்டர் ஓட்டினால் போய்விடுமா?

பதில்: போகாது. அதன் தண்டு கத்திகளில் சுற்றிக்கொள்ளும், மரங்களின் மேல்வேரும் அறுபடும். பி.டி.ஓ.வில் ஓடும் சுழல் வெட்டியை, வண்டியின் அகலத்துக்குச் சமமாக அல்லது சற்றுக் கூடுதலாக வாங்குங்கள். கல்லிலோ தூரிலோ மோதினால் கத்தி பின்னால் மடங்கும் அமைப்பும், பி.டி.ஓ. தண்டில் வழுக்கும் கிளட்ச்சோ உடையும் போல்ட்டோ கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அடி கியர்ப்பெட்டிக்குள் போகும். போல்ட் உடைந்தால் அதே தரத்தில்தான் மாற்ற வேண்டும், கடினமான போல்ட்டைப் போடுவது காப்பையே எடுத்துவிடுவதற்குச் சமம். கல் தெறிக்கும் என்பதால் முன்னும் பின்னும் சங்கிலித் திரை வேண்டும், அருகில் எவரும் நிற்கவும் கூடாது. வெட்டியதோடு விட்டால் உண்ணி மறுபடி துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது ஆட்களைக் கொண்டு வேர்க்கழுத்தோடு பறித்தெடுப்பதற்கு மாற்று இல்லை. வண்டி செய்வது அவர்கள் உள்ளே போவதற்கு வழி திறப்பது மட்டுமே.

கேள்வி (இந்திரா நகர்): முன்புற லோடர் தேவையா?

பதில்: ஐந்தாறு ஏக்கருக்குத் தேவையில்லை. குறுகிய வண்டியில் சுமையை உயரத் தூக்கினால் கவிழும் அபாயம் கூடும். அந்தப் பணத்தில் வின்ச் வாங்குங்கள்.

கேள்வி (கம்மனஹள்ளி): பழைய வண்டி வாங்க நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: காலையில் எஞ்சின் சூடாகாத நிலையில் போய், தாங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன் அச்சின் நடு ஊசியில் ஆட்டம் இருக்கிறதா, சக்கர முனைகளில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். நான்கு சக்கர வண்டியில் செலவு வைக்கும் இடம் அதுவே. மூன்றுமுனை இணைப்பில் ஏதேனும் எடையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்து, சில நிமிடங்களில் எவ்வளவு இறங்குகிறது என்று கவனியுங்கள். பி.டி.ஓ. தண்டின் மஞ்சள் உறை இல்லாத வண்டியானால், வாங்கியவுடன் முதல் வேலையாக அதை மாட்டுங்கள். நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும் தண்டு, லுங்கியின் முனையையோ துண்டையோ பிடித்தால் ஆளை விடாது.

கேள்வி (ராஜாஜி நகர்): கனகபுரா அருகே சொந்த நிலத்தில் மரம் வெட்டி டிராக்டரில் கொண்டுபோக அனுமதி வேண்டுமா?

பதில்: கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்து மரங்களுக்கும் பொருந்தும். தைலம், சவுக்கு, சில்வர் ஓக் போன்ற சிலவற்றுக்கு வெட்டும் அனுமதியிலிருந்து விலக்கு உண்டு; தேக்குக்கும் சந்தனத்துக்கும் வனத்துறையிடம் போயே ஆக வேண்டும். தோப்பு வனத்தின் எல்லையை ஒட்டியிருந்தால், வின்ச் வடத்தை எல்லைக் கல்லுக்கு அப்பால் உள்ள மரத்தில் கட்டாதீர்கள்.

கேள்வி (ஜே.பி. நகர்): என் கணவர் வெளியூரில் இருக்கிறார். வார நாட்களில் நானே ஓட்ட வேண்டியிருக்கும். கியர் வண்டி கடினமாக இருக்குமா?

பதில்: கடினமில்லை அம்மா. கிளட்ச் இலேசாகவும், முன்னும் பின்னும் போக ஸ்டியரிங் அருகிலேயே ஒரு நெம்புகோலும், பவர் ஸ்டியரிங்கும் உள்ள வண்டியாகத் தேர்ந்தெடுங்கள். மரங்களுக்கு நடுவே நாள் முழுதும் முன்னும் பின்னுமாகவே ஓட்ட வேண்டியிருப்பதால் அந்த நெம்புகோல் பெரிய உதவி. விற்பனையாளரின் முற்றத்தில் ஓட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், இருக்கையை முன்னே தள்ளி, கிளட்ச்சும் பிரேக்கும் அடிவரை மிதிபடுகின்றனவா என்று பாருங்கள். தனியாக இருக்கும் நாட்களில் புதர் வெட்டுவதும் டிரெய்லரில் விறகு ஏற்றிவருவதும் செய்யலாம். வின்ச் வேலையையும் மரம் சாய்ப்பதையும் கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் இருக்கும் நாளுக்கு ஒதுக்கிவையுங்கள்.