ஃப்ளெக்ஸுக்கு ஃபைல் தயார் செய்வது எப்படி? கேள்வி பதில்

பெங்களூர் சிவாஜிநகரில் 14 வருஷமாக ஃப்ளெக்ஸ், வினைல் அடிக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அல்சூர்: அண்ணா, கல்யாண மேடைக்கு 20-க்கு 10 அடி பேக்டிராப். 300 டிபிஐ கேட்கிறார்கள், என் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறது.

நிற்கத்தான் செய்யும் தம்பி. டிபிஐ என்றால் ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளி என்பது. 20 அடி என்றால் 240 இன்ச், அதை 300-ஆல் பெருக்குங்கள், 72,000 பிக்சல். அச்சுக்கான நாலு மை நிறமுறையான சிஎம்ஒய்கே-யில் 10 ஜிபியைத் தாண்டும். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் 30,000 பிக்சலுக்கு மேல் போகாது, ஜேபெக் 65,535-க்கு மேல் போகாது, அப்புறம் எதில் சேமிப்பீர்கள்? முழு அளவில் 72 போதும், சுமார் 600 எம்பியில் முடியும். பத்தில் ஒரு பங்காக 24-க்கு 12 இன்ச்சில் செய்தால் 720 வைத்து, ஃபைல் பெயரிலேயே "1:10" என்று எழுதுங்கள். எழுதாததால் 2 அடி பேனராக அடித்துக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஸ்ரீராம்புரம்: வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் போடலாமா?

கூடாது, வாட்ஸ்அப் போட்டோவைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ராஜாஜிநகர், ஆஃப்செட் அச்சகம்: 72 என்று சொல்லிப் பிள்ளைகளைக் கெடுக்காதீர்கள் சார். 300-க்குக் கீழே எதுவும் அச்சுக்கு ஆகாது.

சார், உங்கள் தொழிலில் அது சரி. ஆஃப்செட்டில் இன்ச்சுக்கு 150 புள்ளி வரிசை, அதாவது 150 லைன் ஸ்கிரீன், அதற்கு இரண்டு மடங்கு 300, அங்கிருந்துதான் அந்தக் கணக்கே வந்தது. பத்திரிகையைக் கையில் பிடித்து ஒரு அடி தூரத்தில் படிக்கிறோம், அந்தத் தூரத்தில் கண்ணால் பிரித்துப் பார்க்க முடிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 10 அடி தள்ளி நின்றால் அதே கண்ணுக்கு 30 போதும். மேடை பேக்டிராப் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள் என்பதால்தான் நான் 72 சொல்கிறேன்.

அதே ராஜாஜிநகர்: அப்போ சின்ன எழுத்து பிசிறடிக்குமே?

எழுத்தை ஜேபெக்கில் கரைத்தால் பிசிறடிக்கும். எழுத்தைக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் கொடுத்தால், ஃபைலை மெஷினுக்குப் புள்ளிகளாக மாற்றிக் கொடுக்கும் ரிப் மென்பொருள் மெஷினின் முழு ரெசல்யூஷனிலேயே எழுத்தை அடிக்கும். உங்கள் கவலை நியாயம், அதைத் தீர்க்கிற இடம் டிபிஐ இல்லை.

விவேக்நகர்: வாட்ஸ்அப் படத்தை ஃபோட்டோஷாப்பில் 300 என்று மாற்றிவிட்டால்?

மேலே சொல்லிவிட்டேன். எண்ணை மாற்றினால் இல்லாத விவரம் வந்துவிடாது.

சிக்பேட்டை: தமிழ் எழுத்து கடையில் திறந்ததும் மாறிவிடுகிறது, கன்னடமும் அப்படியே.

இதைத்தான் கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். தமிழுக்குப் பாமினி, கன்னடத்துக்கு நுடி மாதிரி பழைய எழுத்துருக்கள் கடையில் இல்லாவிட்டால் மேட்டர் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். யூனிகோடுக்கு வேறு வியாதி: பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளின் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கானதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காதணி விழா பேனரில் "வருக" சரிபார்த்தேன், "பெற்றோர்" சரிபார்க்கவில்லை. அந்தச் சொல்லில் இரண்டு இடத்திலும் கொம்பு தள்ளி நின்றது. அந்த அம்மா அதை விரலால் தொட்டுக் காட்டினார், இன்றும் மனசு கேட்கவில்லை. அதனால் கர்வாக மாற்றுங்கள், மாற்றிய பிறகு வீட்டில் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். திருத்துவதற்கு மூல ஃபைலைத் தனியாக வைத்திருங்கள்.

கே.ஆர்.புரம்: கறுப்பு ஏன் வெளுத்து வருகிறது? நீலமும் ஊதாவாகிறதே?

வெறும் கே 100, அதாவது கறுப்பு மை மட்டும் முழுதாக, பெரிய பரப்பில் சாம்பலாகத்தான் தெரியும், மற்ற மூன்று மையும் கொஞ்சம் சேருங்கள், எவ்வளவு என்பதைக் கடையில் கேளுங்கள். நீலத்தில் மெஜந்தாவைக் குறையுங்கள். ஒரு அடித் துண்டில் முதலில் மாதிரி அடித்துப் பாருங்கள்.

மர்பி டவுன்: தெருவில் கட்ட அனுமதி?

உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2018-லிருந்து இங்கே கெடுபிடி அதிகம். மாநகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஜீவன்பீமாநகர்: வாட்ஸ்அப்பில் வந்த லோகோ...

டாக்குமெண்ட்!

அல்சூர்: 72-ல் அனுப்பிவிட்டேன் அண்ணா. வேறு ஏதாவது?

நாலு பக்கமும் 2 இன்ச் காலி விட்டீர்களா? கயிறு கட்டுவதற்கான ஐலெட் வளையம் அடிப்பது அங்கேதான், மாப்பிள்ளை பெயரில் ஓட்டை விழக் கூடாது.