புரூஸ் என்ற பெயர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் சேகரித்த கற்கருவிகளைப் பார்த்ததிலிருந்து ஒரு சந்தேகம். புரூஸ் என்பது ஸ்காட்லாந்து அரச குடும்பத்தின் பெயர் அல்லவா? 1863-இல் பல்லாவரத்தில் கல் கோடரியைக் கண்டெடுத்தவரும் அந்த வம்சமா? புரூஸ் லீக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவருடைய குடும்பப் பெயர் ஃபுட். புரூஸ் நடுவில் வைத்த பெயர், அதைக்கொண்டு வம்சம் பிடிக்க முடியாது.

புரூஸ் முதலில் ஆள் பெயரே இல்லை, ஊர்ப் பெயர். பிரான்சின் நார்மண்டியில் ஷெர்பூர் துறைமுகத்துக்குக் கொஞ்சம் தள்ளி பிரிக்ஸ் என்றொரு சிற்றூர் இன்றும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் என்பதுதான் 'டி புரூஸ்'. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டிப் பிரபு வில்லியமோடு கப்பலேறி வந்த குடும்பம் என்று பிற்காலத்தில் கட்டிய கதையை நம்பவேண்டாம். இங்கிலாந்தில் உறுதியாகத் தடம் தெரிகிற முதல் ராபர்ட் டி புரூஸ், அதற்கு ஒரு தலைமுறை கழித்து இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி காலத்து ஆள். யார்க்‌ஷையரில் நிலம் பெற்றவருக்கு 1124 வாக்கில் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட் அனண்டேல் பள்ளத்தாக்கையும் கொடுக்க, குடும்பம் அங்கே வேர் பிடித்தது. அந்த வழியில் வந்த இன்னொரு ராபர்ட்தான் 1306-இல் முடிசூடி, 1314-இல் பானக்பர்னில் ஆங்கிலேயப் படையை முறியடித்தவர். அவருடைய அம்மா காரிக் பகுதியின் கேலிக், அதாவது ஸ்காட்லாந்தின் பழைய மொழி பேசும், குடும்பத்துப் பெண். ஸ்காட்லாந்தின் விடுதலைக்கே அடையாளமான ஒரு பெயர் பிரெஞ்சுக் கரையோரத்துச் சிற்றூரின் பெயர் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற குடும்பப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்கும் பழக்கம் பரவியது, புரூஸும் அப்படி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. 1940-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த புரூஸ் லீக்கு அது பிறந்த மருத்துவமனையில் கிடைத்த பெயர்.

நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் தினமும் சொல்லும் புரூசெல்லோசிஸ், அதாவது மாடுகளுக்கு வரும் கன்று வீச்சு நோய், அதிலும் இந்தப் பெயர்தான் இருக்கிறது. 1887-இல் மால்டாவில் அந்தக் கிருமி இனத்தை முதன்முதலில் கண்டறிந்தவர் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ்.

எனக்கு மிகவும் பிடித்தது எட்டிக்காய்க் கதை. எட்டி விதையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பல் நிறத்தில், தட்டையாக, சட்டைப் பொத்தானைப் போல இருக்கும், மேலே விரலை ஓட்டினால் பட்டு போன்ற மெல்லிய ரோமம் தட்டுப்படும். அதன் கொடுங்கசப்புக்குக் காரணமான நச்சுகளில் ஒன்று புரூசின். நீல நைலின் ஊற்றைத் தேடி எத்தியோப்பியா போன ஜேம்ஸ் புரூஸ் நினைவாக அங்குள்ள ஒரு செடியினத்துக்கு புரூசியா என்று பெயர் வைத்திருந்தார்கள். 1819-இல் பெல்லெத்தியே, கவெந்தூ என்ற இரண்டு வேதியியலாளர்கள் பாரிஸில் ஒரு மரப்பட்டையிலிருந்து இந்த நச்சைப் பிரித்தெடுத்தபோது, அதை அந்தச் செடியின் பட்டை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிறகுதான் அது எட்டி மரத்துப் பட்டை என்று தெரிந்தது. அதற்குள் புரூசின் என்ற பெயர் நிலைத்துவிட்டது, யாரும் மாற்றவில்லை.