குரங்குக்குட்டி பிறந்ததும் தொற்றிக்கொள்கிறது. என் பேத்திக்குத் தலை நிற்கவில்லையே?

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பாட்டி): என் பேத்திக்குப் பத்து வாரம். இன்னும் தலை நிற்கவில்லை. எங்கள் மாமரத்துக்கு வரும் குரங்கோ, பிறந்து சில நாளே ஆன குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு கிளைக்குக் கிளை தாவுகிறது. சிம்பன்சி, கொரில்லா குட்டிகளும் இப்படித்தானா? “உரம் விழுந்திருக்கும் (கழுத்து சுளுக்கியிருக்கும்), சேலையில் போட்டு உருட்டு” என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: உருட்ட வேண்டாம் அம்மா. பச்சைக் குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டுமே கால் பங்கு. அந்தப் பாரத்தைத் தாங்கும் தசை கழுத்தில் இன்னும் வலுப்பெறவில்லை. சேலையில் போட்டு இங்குமங்கும் உருட்டினால் கழுத்து வெட்டி இழுபடும். வேகமாகக் குலுங்கினால் மூளையைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் அறுந்து கசியவும் கூடும். தூக்கும்போதெல்லாம் வீரிட்டு அழுதால் உண்மையான காரணத்தைத் தேட வேண்டும். தலை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். அதற்குப் பிசியோதெரபி உண்டு. ஒரு கையை மட்டும் அசைக்காவிட்டால், பிரசவத்தில் காறை எலும்போ தோள் நரம்போ அடிபட்டிருக்கலாம்.

இனி உங்கள் மாமரத்துக் குரங்கு. அது வெர்வெட், வாலுள்ள இனம். பிறக்கும்போதே அதன் மூளை முதிர்ந்த அளவில் பாதிக்கு மேல் வளர்ந்துவிடும். வைணவப் பெரியவர்கள் சொன்ன மர்க்கட நியாயம் அதற்குத்தான் பொருந்தும்: தாய் தாவும், குட்டி பற்றிக்கொள்ளும்.

சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அது முழுசாகப் பொருந்தாது. சிம்பன்சிக் குட்டி எட்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கருவிலிருந்து, சுமார் 2 கிலோ எடையில் பிறக்கிறது. தாயின் மயிரை விரலால் பற்றும். ஆனாலும் முதல் சில வாரங்களுக்குப் பிடி போதாது, நழுவும். அதனால் தாய் ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு மற்ற மூன்று கால்களால் நடக்கிறாள். கொரில்லாத் தாயும் அப்படியே. முதுகில் ஏறிச் சவாரி போகச் சில மாதங்கள் ஆகும். பால்குடி மறக்கச் சிம்பன்சிக்கு நாலைந்து ஆண்டு. ஆக, பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்லும் மார்ஜார நியாயத்தின் பக்கம் வாலில்லாக் குரங்குகள் பாதி வந்துவிட்டன. நாம் முழுக்க வந்துவிட்டோம்.

ஏன்? பிறந்த சிம்பன்சியின் மூளை, முதிர்ந்த அளவில் சுமார் 40 விழுக்காடு. நம் குழந்தைக்கு 30 விழுக்காட்டுக்கும் குறைவு. இதைக் கேட்டதும் ‘அரைகுறையாகப் பிறக்கிறது’ என்று தோன்றும், அது சரியல்ல. பிறந்த குழந்தையின் மூளை 350 முதல் 400 கன சென்டிமீட்டர், ஏறக்குறைய வளர்ந்த சிம்பன்சியின் மூளை அளவு. இனி வளர வேண்டியதுதான் மிக அதிகம். நிமிர்ந்து நடக்கும் உடலின் இடுப்பெலும்பு வழியாகப் பெரிய தலை வர முடியாது என்பதால் முன்கூட்டியே பிறக்கிறோம் என்று 1960-இல் அமெரிக்க மானிடவியலாளர் ஷெர்வுட் வாஷ்பர்ன் எழுதினார். கர்ப்பத்தின் கடைசியில் தாயின் உடல் அதற்கு மேல் சக்தி தர முடியாத எல்லையைத் தொடுவதே காரணம் என்று 2012-இல் மானிடவியலாளர் ஹோலி டன்ஸ்வொர்த்தும் உடன் ஆய்ந்தவர்களும் வாதிட்டார்கள். இரண்டுக்கும் பங்குண்டு என்பது என் கருத்து.

பேத்தியின் உள்ளங்கையில் உங்கள் விரலை வைத்துப் பாருங்கள், இறுகப் பற்றும். தாய் மயிரைப் பற்றிய பழைய பிடியின் மிச்சம் அது. 1891-இல் லூயி ராபின்சன் என்ற ஆங்கில மருத்துவர் அறுபது சிசுக்களைக் கோலில் தொங்கவிட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை 10 வினாடியாவது தாக்குப்பிடித்தன. நீங்கள் சோதிக்க வேண்டாம். அது மனசறிந்த பிடியல்ல, சொல்லாமல் விட்டுவிடும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மறைந்து, வேண்டுமென்று எடுக்கும் பிடி வரும்.

பத்து வாரத்தில் பார்க்க வேண்டியது இதுதான். குப்புறப் போட்டால் தலையைச் சில நொடியாவது தரையிலிருந்து தூக்குகிறதா? உங்கள் முகத்தைக் கண்ணால் தொடர்கிறதா? இரண்டும் இருந்தால், கையைப் பிடித்துத் தூக்கும்போது தலை பின்னால் தொங்குவது இந்த வயதில் இயல்பு. தலை நன்றாக நிற்க நான்கு மாதம் ஆகலாம். விழித்திருக்கும்போது, பால் கொடுப்பதற்கு முன், இரண்டு மூன்று நிமிடம் குப்புறப் போடுங்கள். நெஞ்சுக்கடியில் சுருட்டிய துண்டு ஒன்று வைத்தால் எளிது. பல தடவையாக நாளுக்கு மொத்தம் 30 நிமிடம் வரை கூட்டிக்கொண்டு போகலாம். தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்க.

குழந்தைப் பருவங்களைப் பாடும் நம் பிள்ளைத்தமிழ் நூல்களின் கணக்கு நல்ல கணக்கு: தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம், உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், நடந்து வரும் வருகைப் பருவம் பதின்மூன்றாம் மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி நலமான குழந்தை தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள் எப்போதும் இருக்கலாம்.

நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டால், மூன்று மாதத்துக்குப் பிறகும் கை எப்போதும் முஷ்டியாகவே இருந்தால், உடல் துணிபோலத் துவண்டாலோ விறைத்தாலோ, முகத்தைப் பார்க்காவிட்டாலோ, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, 14-வது வாரத் தடுப்பூசிக்குக் கிளினிக் போகும்போது குழந்தையின் வளர்ச்சியும் தடுப்பூசியும் குறிக்கும் ‘ரோடு டு ஹெல்த்’ புத்தகத்தைக் கொண்டுபோய்த் தலை நிற்பதைச் சோதிக்கச் சொல்லுங்கள். குறைமாதக் குழந்தையென்றால் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

ஜூலு தாய்மார் போர்வையால் முதுகில் கட்டிச் சுமப்பது நல்ல பழக்கம். கால் தவளைபோல அகன்றிருப்பதால் இடுப்பு மூட்டுக்கும் நல்லது. தலை நிற்கும் வரை மட்டும் முதுகில் கட்ட வேண்டாம். முன்னால், நெஞ்சோடு நெஞ்சாக, முகம் உங்கள் கண்ணில் படும்படி, தாடை மார்பில் அழுந்தாமல் இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டுங்கள்.