மறைந்த கணவன் அல்லது மனைவியின் பொருட்களை என்ன செய்தீர்கள்?

இந்தக் கேள்வி கண்ணில் பட்டு நாலு நாளாகிறது. எழுதலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே வந்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

என் மனைவி 2022-இல் போனாள். புற்றுநோய், பதினான்கு மாதம். அந்தக் கதை இங்கே வேண்டாம். கும்பகோணத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீலாக இருந்தவள். பெயரைச் சொன்னால் எங்கள் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘வீணை வக்கீலம்மா வீடு’ என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார். நான் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பாட்டும் தெரியாது, சட்டமும் தெரியாது.

புடவைகளை என் தங்கையும் மருமகளும் ஒரு மத்தியானத்தில் பிரித்துக்கொண்டார்கள். கறுப்பு கவுனை அவளிடம் ஜூனியராக இருந்த பெண் கேட்டு வாங்கிக்கொண்டாள். இதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. முடியாதது கேஸ் கட்டுகள்.

வக்கீல் இறந்துவிட்டால் அவருக்குக் கொடுத்த வக்காலத்தும் அதோடு சரி. கட்சிக்காரர் வேறு வக்கீலைப் பார்த்துப் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கட்டு வேண்டும். இதெல்லாம் குமாஸ்தா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். 143 கட்டுகள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, வரமுடியாதவர்களுக்கு நானே பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த வேலையாவது எனக்குத் தெரிந்த வேலை.

கட்டுகளைப் பிரித்தபோதுதான் எண்ணெய்க் கறைகளைக் கவனித்தேன். வீணை வாசிக்கிறவர்கள் இடதுகை விரல்களில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள், கம்பியில் வழுக்கிப் போவதற்கு. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி பட்டுப் பட்டுக் கறுத்த கோடு விழுந்திருக்கும். இவள் விடிகாலை ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு, கை துடைக்கக்கூடப் பொறுமை இல்லாமல் அன்றைய கட்டை எடுத்து இடதுகையாலேயே புரட்டுவாள். பக்கத்தின் ஓரத்தில் எண்ணெய் இறங்கி, தாள் அங்கே கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். “வடை சாப்பிட்டுக்கிட்டே படிப்பீங்களாம்மா?” என்று கோர்ட்டில் ஒருமுறை கேட்டுவிட்டார்களாம். அன்று ராத்திரி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கட்டின் பின்னட்டையிலும் பென்சிலால் பீஸ் கணக்கு. 58 கட்டுகளில் அந்த இடத்தில் வெறும் கோடு. சட்டப் பணிகள் குழு அனுப்பிய கேஸ்கள் வேறு, அவற்றுக்குக் கொஞ்சமாவது அரசு கொடுக்கும். இவை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டவை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். 2003-இல் வீட்டுக் கடனுக்குப் பணம் புரளாமல் நான் என் வருங்கால வைப்பு நிதியில் (ஜி.பி.எஃப்) முன்பணம் எடுத்தேன். அந்த வருஷத்துக் கட்டு ஒன்றிலும் கோடு. சண்டை போட ஆள் இல்லாத கோபம் இருக்கிறதே, அது ரொம்ப நாள் நிற்கும்.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். “வக்கீலம்மாவுக்கு ஆயிரம் ரூபா பாக்கிங்கய்யா” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பின்னட்டையில் கோடுதான் இருந்தது. வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றிருந்தால் அவர் கட்டை எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் திண்ணை அவளுடைய இலவச ஆபீஸ். “பொம்பளைங்களுக்கு அரசாங்கம் இலவசமா வக்கீல் வெச்சுத் தரும், வருமானம் எவ்வளவுன்னு கேக்கவே கூடாது, சட்டம் அப்படி” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். 1987-இல் போட்டு 1995-இல் அமலுக்கு வந்த சட்டம். இன்னும் பாதிப் பெண்களுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தீராத எரிச்சல். முடிந்தவரை மக்கள் நீதிமன்றத்துக்கே தள்ளுவாள். அங்கே சமரசமானால் கட்டிய கோர்ட் பீஸ் திரும்ப வரும், அப்பீலும் கிடையாது. “ஜெயிச்சவனும் தோத்தவனும் ஒரே பஸ்ல ஊருக்குப் போகணும்ல” என்பாள்.

சொத்துக் கேஸ் என்று எந்தப் பெண் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “கல்யாணம் எப்போ? 1989 மார்ச் 25-க்கு முன்னாடியா, பின்னாடியா?” தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறவியிலேயே பங்கு என்று ஆக்கிய திருத்தம் அந்தத் தேதியிலிருந்து. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. எங்கள் கல்யாணம் 1989 பிப்ரவரி, தை மாதத்துக் கடைசி முகூர்த்தம். “ஒன்றரை மாசம் பொறுத்திருக்கக்கூடாதா நீங்க?” என்று முப்பது வருஷம் என்னைக் கேட்டிருக்கிறாள். நானா முகூர்த்தம் பார்த்தேன்?

2005 செப்டம்பர் 9-இல் மத்திய இந்து வாரிசுரிமைச் சட்டமே மாறி அந்த வேலி போனது. அன்றைக்கு வீட்டில் பாயசம். ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினையை அந்தச் சட்டம் தொடாது. அவள் அப்பாவும் அண்ணன்களும் 1996-இலேயே பத்திரம் பதிந்துவிட்டார்கள். அப்பா தன் பாகத்தையும் உயிலில் அண்ணன்களுக்கே எழுதிவைத்துவிட்டார். பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு வந்தது அந்த வீணை மட்டும்தான். 2020 ஆகஸ்டில், 2005-இல் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, கொரோனா அடைப்புக்கு நடுவே போன் ஓயவில்லை. அத்தனை பேருக்கும் சந்தோஷமாக விளக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன்களோடு கடைசிவரை பேச்சுவார்த்தை இருந்தது, தீபாவளிக்குப் போய்வருவோம். சொத்தைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்புறம் பாட்டு. தியாகராஜ ஆராதனை அன்றைக்கு எந்தக் கேஸாக இருந்தாலும் வாய்தா. முதல் பஸ்ஸில் திருவையாறு. அங்கே போனதும் தியாகராஜர் சமாதிக்கு முன்னால் அவள் போவது பெங்களூர் நாகரத்தினம்மாளின் நினைவிடத்துக்கு. தேவதாசியாகப் பிறந்த அந்த அம்மாள் தன் நகையையும் சம்பாத்தியத்தையும் போட்டு அந்தக் கோயிலைக் கட்டினார். பெண்களை அங்கே பாட விடாத காலத்தில் பெண்களைத் திரட்டிப் பாடவும் வைத்தார். “வக்காலத்தே இல்லாம வாதாடி ஜெயிச்சவங்க” என்று என்னிடம் வருஷா வருஷம் சொல்வாள், முதல் தடவை சொல்வது போல. பிறகு பந்தலில் எங்கேயாவது இடம் பிடித்து, நாட்டை ராகத்தில் தொடங்கி கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளும் கூடவே பாடிவிட்டு வருவாள். நான் பஸ் நிலையத்துக்குத் திரும்பும் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.

தெருப் பிள்ளைகளுக்கு வீணையும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுத்தாள். மார்கழியில் அதுகளை எழுப்பித் திருப்பாவைக்கு இழுத்துப் போவதற்குள் தெருவே விழித்துவிடும். எதற்கெடுத்தாலும் “ஆதாரம் எங்கே?” என்று கேட்கிறவள் ஒரு விஷயத்தில் மட்டும் ஆதாரம் கேட்கவில்லை. வராளி ராகத்தை குரு நேருக்கு நேர் சொல்லிக்கொடுத்தால் இருவருக்கும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அவளும் சொல்லிக்கொடுக்க மாட்டாள். பிள்ளைகளைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, உள்ளறையில் போய்த் திரும்பத் திரும்ப வாசிப்பாள். கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டியது அதுகள் சாமர்த்தியம். இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். “இது வழக்கம். வழக்கமும் சட்டம்தான், போங்க” என்றாள்.

சட்டப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இன்னும் இருக்கின்றன. எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதால் தீர்ப்புத் தொகுப்புகளை யாரும் சீண்டவில்லை. பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வந்தவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். 2024 ஜூலை 1-இல் இந்திய தண்டனைச் சட்டமே போய் வேறு பெயரில் புதுச் சட்டம் வந்தபோது, அவள் ஓரமெல்லாம் குறித்துவைத்த அந்தப் பழைய புத்தகத்துக்கும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜூனியர் பெண் வந்து, “அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கெல்லாம் பழசுதான் சார், எனக்கு வேணும்” என்று எடுத்துப் போனாள்.

வீணைதான் சிரமம் கொடுத்தது. கம்பிக்கு அடியில் விரல் அழுத்துகிற 24 மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவள் போன அடுத்த கோடையில் மெழுகு இளகி இரண்டு மெட்டு சாய்ந்துவிட்டது. தஞ்சாவூரிலிருந்து ஆசாரியை வரவழைத்தேன். மெழுகை எடுத்துவிட்டு, மெட்டுகளைப் புதிதாகச் சுருதி பார்த்துப் பதித்தார்; அதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். போகும்போது, “வாசிக்காம மூடி வெச்சீங்கன்னா இது சும்மா பலாக்கட்டைதான்யா” என்றார்.

அதற்கப்புறம் அவளிடம் படித்த ஒரு பெண்ணை வரச் சொன்னேன். காலேஜ் போகிறாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் வாசிப்பாள். நான் கூடத்துக்குப் போவதில்லை, உள்ளறையில் இருப்பேன்.

143 கட்டுகளில் 142 போய்விட்டன. மிஞ்சியது 1996-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல். வேறு யாருடையதோ என்று நினைத்து நானே பிரித்தேன். மாமனார் கையெழுத்து இருந்தது. பின்னட்டையில் பீஸும் இல்லை, கோடும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் விடாமல் ஓரத்தில் எண்ணெய், அடுக்கடுக்காக. ஒரு தடவை படித்ததில் அவ்வளவு இறங்காது.

போன வாரம் அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்து, “தாத்தா, கிண்ணத்துல எண்ணெய் தீந்துடுச்சு” என்றாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. கடைக்குப் போய்விட்டு வர வேண்டும்.